கண்ணகி கேளாத யாழ்

எமது கீழைத்தேயக் கல்லூரியின் ஆசிரியர் அறையிலே, 2024 ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, என்மீது ஒரு வழக்குத் தொடரப்பட்டது. தொடர்ந்தவர் என்னோடு பண்டித பரீட்சைக்குப் படித்தவர்; நன்னூலுக்கு உரை சொல்வதில் வல்லவர்; வயதில் எனக்கு மூத்தவர். ஆதலின் அவர் பேசுங்கால் யான் எதிர் பேசும் வழக்கமில்லை.

"பண்டிதர் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போனவராம். அதோடை நிக்காமல் இராச்சாப்பாட்டையும் கடையிலை முடிச்சுக்கொண்டுதான் வீட்டை போனவராம். வெள்ளைக்காரன் செய்யிறதையெல்லாம் நாங்களும் செய்யிறதெண்டால் பிறகேன் காணும் தொல்காப்பியம் படிப்பிக்கிறம்?"

அறையிலிருந்த இளைய ஆசிரியர் இருவரும் சிரித்தனர். யானும் சிரித்தேன். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டோம். ஆனால் வழக்குத் தீரவில்லை. அதன்பின் கோயில் வீதியிற் கண்டாலும், செத்த வீட்டிற் கண்டாலும், "இண்டைக்கு உலாத்து ஒண்டும் இல்லையோ?" என்று அன்பர் கேட்கத் தவறுவதில்லை. ஆசிரியர் அறையில் யான் சொல்லாது விட்ட விடையை இங்கே சொல்லிவிடுதல் நலமெனத் தோன்றுகிறது. தொல்காப்பியரை அவரே சாட்சிக்கு அழைத்தமையால், அப்பெரியாரை யானும் விசாரிக்க உரிமையுடையேன். அதற்குமுன், நடந்தது இன்னதென்று கூறுவேன்.

அன்று எமக்குத் திருமணமாகி முப்பதாண்டு நிறைந்த நாள். அதனை யான் மறந்துவிட்டேன் என்பது பொருந்தாது. ஒருபோதும் நினைவில் வைத்திருந்தவனல்லேன். வவுனியாவிலே படிப்பிக்கும் எம் மகள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, இண்டைக்குப் பின்னேரம் அம்மா அடுப்படிக்குப் போகக்கூடாது" என்று கட்டளையிட்டபோதுதான் நாள் இன்னதென்று தெரிந்தது. நல்லூரிலே திருவிழாக் காலம். கந்தசுவாமி கோயிலுக்கு அண்மையில் ஒரு மண்டபத்திலே வாய்ப்பாட்டுக் கச்சேரி நிகழவிருந்தது. யான் எப்படியும் போயிருப்பேன். மகளின் கட்டளையால், இம்முறை மோட்டார்ச் சைக்கிளின் பின்னால் என் மனைவியும் இருந்தாள்.

மண்டபத்திலே ஆடவர் ஒரு புறமும் பெண்டிர் ஒரு புறமுமாக இருந்தனர். அவ்வாறு இருக்கவேண்டுமென்று எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை; கால்கள் தாமாகவே பிரிந்து போகின்றன. எம் கால்களும் பிரியத் தொடங்கின. பிறகு என்ன நினைத்தேனோ, கடைசி வரிசையிலே இரண்டு கதிரைகள் அடுத்தடுத்து வெறுமையாக இருக்கக் கண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு போய் அமர்ந்தேன். முன்வரிசை அன்பர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். வழக்கின் முதற் சாட்சி அவராகத்தான் இருக்கவேண்டும்.

கச்சேரியின் நடுவிலே பாடகர் ஓர் இராகத்தை எடுத்தார். "பந்துவராளி" என்றேன், தீர்ப்புச் சொல்லுமாப்போல. சற்றுப் பொறுத்து அவள், "இஞ்சாருங்கோ, பூர்விகல்யாணி எல்லோ?" என்றாள். யான் தலையசைத்து மறுத்தேன். "தைவதத்தைக் கேளுங்கோ. மேலை நிக்குது" என்றாள். கேட்டேன். மேலேதான் நின்றது. இரண்டு இராகத்துக்கும் ரிஷபம் ஒன்று, மத்திமம் ஒன்று. தைவதத்திலேதான் அவை தெளிவாகப் பிரிகின்றன. பந்துவராளிக்குத் தாழ்ந்த தைவதம், பூர்விகல்யாணிக்கு உயர்ந்தது. இதனை நூலிலே படித்து அறிந்தவன் யான். காதினால் அறிந்தவள் அவள். திருமணத்துக்கு முன் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சையிலே நான்காந் தரம் வரையிற் சித்தியடைந்தவள் என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. பெண் பார்த்த நாளிலே, அவள் நட்சத்திரத்தோடும் சீதனக் காணியின் பரப்போடும் சேர்த்து அதனையும் சொன்னார்கள். மற்றை இரண்டும் எனக்கு நினைவிருந்தன.

யான் முப்பதாண்டாக இசையரங்குகளுக்குப் போய் வருபவன். இசை விமர்சனம் என்ற பெயரில் மூன்று நான்கு கட்டுரையும் எழுதியவன். அவற்றுள் எத்தனை பூர்விகல்யாணியைப் பந்துவராளி ஆக்கினேனோ, நல்லூரான் அறிவான்.

கச்சேரி எட்டரை மணிக்கு நிறைவுற்றது. ஒரு சைவக் கடைக்குப் போனோம். அங்கே யான் பட்ட கூச்சத்தை மறைப்பதிற் பயனில்லை. கல்லாவிலே நின்ற இளைஞன் என்னிடம் யாப்பருங்கலக் காரிகை படித்தவன். பாதியில் விட்டுப் போனவன். எழுந்து நின்று, "சேர், அம்மாவும் வந்திருக்கிறா!" என்று கடை முழுவதும் கேட்க வரவேற்றான். சுவரோர மேசையிலே முதுகைக் காட்டி அமர்ந்தேன். இரண்டு தோசை, வடை, சொதி, சம்பல், பிறகு பால்தேநீர். பெரிய விருந்தன்று. தோசையிற் பாதியை உண்ட பின் அவள் சொன்னாள்: "எனக்கு முன்னாலை ஒராள் கொண்டுவந்து வைச்சு, சுடச்சுட நான் இருந்து சாப்பிட்டு எத்தினை வருசம்." முறைப்பாடாகச் சொல்லவில்லை. சம்பலில் உப்புக் குறைவு என்பதையும் அதே குரலிலேதான் சொன்னாள். எனக்கு மேலும் உண்ண முடியவில்லை, ஆயினும் உண்டேன். தட்டிலே மிச்சம் விடுதல் அவளுக்குப் பிடியாது.

நடந்தது இவ்வளவே. இனி வழக்குக்கு வருவோம்.

கணவனும் மனைவியும் மாலைப்பொழுதில் ஒருங்கிருந்து இசை கேட்பது மேனாட்டு வழக்கம் என்பது அன்பரின் முதற் குற்றச்சாட்டு. தொல்காப்பியர் அகத்திணையியலிலே நிலந்தோறும் உரிய கருப்பொருள்களை ஒரு சூத்திரத்துள்ளே தொகுத்துக் கூறுகின்றார். தெய்வம், விலங்கு, மரம், பறவை, பறை என்பனவற்றோடு உணவும் யாழும் அதே சூத்திரத்துள் வைக்கப்பட்டுள்ளன. ஒரு நிலத்து மக்கள் எதை உண்பர் என்பதும், எந்த யாழைக் கேட்பர் என்பதும் அவ்வாழ்வுக்கு உரிய அடையாளங்கள் என்பது அவர் கருத்து. முல்லைக்கு அவர் வகுத்த சிறுபொழுது மாலை. எனவே மாலையும் உணவும் யாழும் கூடிய ஓர் இல்லறத்தைத் தேடுவார்க்கு, முல்லைப் பாட்டுக்களே வாயில்.

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடியவர் பேயனார். அதன் தொடக்கத்திலே செவிலி கூற்றுப் பத்து என ஒரு பத்து உண்டு. மகளை மணஞ்செய்து கொடுத்த வீட்டிற்குச் சென்று வந்த செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்குச் சொல்வதாக அமைந்தவை அப்பாட்டுக்கள். தாய்மார் இத்தகைய தூதிலே எதைக் கேட்பர் என்பதை நாம் அறிவோம். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், வீடு ஓடோ சீற்றோ, மாமியார் எப்படி என்றுதான் கேட்பர். பேயனாரின் செவிலி அவையொன்றும் கூறவில்லை. மாலைப்பொழுது, வீட்டு முற்றம், கால் குட்டையான கட்டில், அதிலே கணவன், பக்கத்திலே மனைவி, அவன் மார்பிலே ஊர்ந்து விளையாடும் குழந்தை, அந்நேரத்துக்குப் பொருந்தப் பாணன் வாசிக்கும் யாழ். இதனைத்தான் கண்டு வந்து சொல்கிறாள். பிறிதொரு பாட்டிலே பாணர் முல்லைப்பண் பாடுகின்றனர்; மனைவி முல்லைப்பூச் சூடுகிறாள்; கணவன் மகனோடு இனிதே வீற்றிருக்கிறான். மகள் நன்றாக வாழ்கிறாள் என்பதற்கு ஒரு தாய்க்குக் காட்டத்தக்க சான்று, மாலையில் அவளும் கணவனும் ஒருங்கிருந்து இசை கேட்பதே என்று அப்புலவர் எண்ணியிருக்கின்றார். வெள்ளைக்காரன் கப்பலேறுவதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முந்திய பாட்டு இது. அன்பர் இதனை என்னிலும் நன்றாக அறிவார்; நான்கு முறை பாடஞ் சொல்லியிருக்கிறார்.

அற்றேல், அங்கே பாணன் வீட்டுக்கு வந்தான், நீர் வீட்டை விட்டுப் போனீரே எனின், பாணன் இக்காலத்தில் வீட்டுக்கு வருவதில்லை என்பதே விடை. அவனை நாம் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டோம். அவன் போன இடத்துக்கு நாமும் இருவராகப் போகவேண்டியதுதானே? பாணனைத் தேடித் தனியே போய்விட்டு, மனைவியை முற்றத்தில் விடுவதுதான் திணை மயக்கம். அதற்குப் பெயர் முல்லையன்று. எத்திணைப் பாட்டிலே கணவன் பாணனோடு புறத்தே திரிய மனைவி வாயிலில் நின்று ஊடினாள் என்பதை மருதம் படித்தார் அறிவர்.

உணவைப் பற்றிய சாட்சி சற்றுச் சிக்கலானது. குறுந்தொகையிலே கூடலூர் கிழார் பாடிய முல்லைப் பாட்டை அறியாத தமிழ் மாணவர் இலர். இளம் மனைவி தயிரைக் கையாற் பிசைகிறாள். அக்கையைக் கழுவாமலே ஆடையைத் திருத்துகிறாள். தாளிதப் புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பைத் தானே துழாவிச் சமைத்துக் கணவனுக்கு இடுகிறாள். அவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. இதனை வகுப்பிலே படிப்பிக்குந்தோறும் யான் நெகிழ்ந்ததுண்டு. கற்பின் மாண்பு, விருந்தின் மாண்பு என்றெல்லாம் விரித்ததுமுண்டு. அன்று சைவக் கடையிலே என் மனைவி சொன்ன வார்த்தையைக் கேட்டபின் அப்பாட்டு எனக்கு வேறு விதமாக ஒலிக்கத் தொடங்கியது. அவன் உண்டான், அவள் எப்போது உண்டாள்? உண்டபோது அக்குழம்பு சூடாக இருந்ததா? புலவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடமுமன்று என்க. ஆனால் அவ்வினா முப்பதாண்டு அப்பாட்டைப் படிப்பித்த எனக்கு ஒருநாளேனும் தோன்றியிருக்க வேண்டுமல்லவா?

இவ்வாறு நினைத்துக்கொண்டிருந்த நாட்களிலேதான் சிலப்பதிகாரத்தை உயர்வகுப்புக்குப் பாடஞ் சொல்லும் முறை வந்தது. பலமுறை படித்த நூலிலே, முன்பு கண்ணிற் படாத ஒன்று பட்டது.

கோவலன் யாழிலே தேர்ந்தவன். திருமணமான புதிதிலே கண்ணகியைப் பாராட்டுங்கால், அவளுடைய மழலைச் சொல்லுக்கு யாழும் குழலும் ஈடாகா என்ற கருத்திலே பேசுகிறான். அழகான பாராட்டுத்தான். ஆனால் அவளுக்காக அந்த யாழை அவன் ஒருநாளேனும் எடுத்து வாசித்தானா? அடிகள் பாடிய வரையில் இல்லை. காப்பியத்திலே கோவலன் யாழ் வாசிப்பதை நாம் இருமுறை காண்கிறோம். முதன்முறை புகாரின் கடற்கரையிலே. இந்திரவிழா முடிந்தபின், அவன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலுமாகப் போகின்றனர். புன்னை நீழலில் திரையிட்ட இடத்திலே மாதவி யாழைப் பண்ணமைத்து அவன் கையிற் கொடுக்கிறாள். இருவரும் மாறி மாறிப் பாடுகின்றனர். பாட்டின் பொருளை ஒருவர் மற்றவர் மேல் ஏற்றிக்கொண்டு பிரிகின்றனர். அந்நேரம் கண்ணகி வீட்டில் இருக்கிறாள்.

இரண்டாம் முறை மதுரைக்குப் போகும் வழியிலே. மனைவியைக் கவுந்தியடிகளோடு முள்வேலியிட்ட காவலான ஓரிடத்தில் இருத்திவிட்டு, நீர் தேடிப் போகிறான் கோவலன். போன இடத்திலே மாதவியின் ஓலை கிடைக்கிறது. பிறகு பாணர் கூட்டமொன்றைக் கண்டு அவர்களோடு சேர்ந்து, யாழை வாங்கி நரம்பைச் சீர்ப்படுத்தி வாசித்து, மதுரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று வினவுகிறான். இது புறஞ்சேரியிறுத்த காதையில் உள்ளது. வழி கேட்பதற்கு யாழ் வாசிக்க வேண்டுவதில்லை. கை தினவெடுத்தது, யாழைக் கண்டான், வாசித்தான். அப்போதும் கண்ணகி அருகில் இல்லை. வேலிக்குள்ளே கால் கொப்புளித்து இருக்கிறாள். சோழ நாட்டிலிருந்து பாண்டி நாடுவரை அவனோடு நடந்து வந்தவள் அவள். யாழோசை அவ்விடம்வரை கேட்டதோ, அதனையும் அடிகள் சொன்னாரல்லர்.

பிறகு மாதரி வீடு. கண்ணகி சமைக்கிறாள். வாழைக்குருத்திலே கோவலனுக்குப் பரிமாறுகிறாள். உண்டபின் வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். அப்போதுதான் அவனுக்குத் தன் பழைய நாட்கள் உறுத்துகின்றன. அவளை அணைத்து, வழிநடையின் வருத்தத்தை நினைந்து நோகிறான். சிலம்பொன்றை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறான். அவன் கொலையுண்ட பின்னரே ஆயர் சேரியிலே தீய நிமித்தங்கள் கண்டு, கண்ணகியும் காணட்டும் என்று மாதரி குரவைக் கூத்தை நிகழ்விக்கிறாள். அங்கே பாடப்படுவது முல்லைத் தீம்பாணி. அதனை மோகனம் என்று கொள்வாரும் உளர். கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து கேட்கவேண்டிய முல்லையின் இசையை, கண்ணகி தனியே இருந்து கேட்கிறாள். காப்பியத்திலே அவளுக்காக எடுக்கப்பட்ட பாட்டென்று யான் காண்பது அது ஒன்றே. அவனுக்குப் பரிமாறிய அந்த உணவும் கடைசி உணவு.

கோவலன் குற்றம் என்னவென்று மாணவரைக் கேட்டால், மாதவியிடம் போனது என்பர்; பொருளைத் தொலைத்தது என்பர். இப்பொழுதெல்லாம் யான் மூன்றாவதொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தான் அறிந்த இன்பத்துள் மிகச் சிறந்ததை அவன் மனைவியோடு பகிரவில்லை. இவ்வுரை எவ்வுரையாசிரியர் கூறியது என்று ஒரு மாணவி கேட்டாள். தோசைக்கடையிற் கிடைத்த உரை என்று அவளுக்குச் சொல்லவில்லை.

இதனைச் சொல்லும் எனக்குக் கோவலனைப் பழிக்க எவ்வளவு உரிமையுண்டு? இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக மாலைகளிற் குளித்து, நல்ல வேட்டி உடுத்து, தனியே கச்சேரிக்குப் போனவன் யான். இராப் பத்து மணிக்குத் திரும்பி வரும்போது மேசையிலே மூடி வைத்த சோறு இருக்கும். மூடியவள் உண்ணாமல் இருப்பாள். யான் உண்டுகொண்டே, இன்று காம்போதி எப்படி, தனியாவர்த்தனம் எப்படி என்று அவளுக்கு விரிவுரை செய்வேன். அவள் கேட்பாள். பூர்விகல்யாணியையும் பந்துவராளியையும் பிரித்தறியும் காது அது. இசையைப் பற்றிய என் பேச்சைக் கேட்பதற்கே அதனை இத்தனை ஆண்டும் பயன்படுத்தினேன்.

ஒரே ஒரு காலம் வேறு விதமாக இருந்தது. எமக்குத் திருமணமானது 1994 இல். 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கு மின்னெடுத்தோம். அக்காலத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சனிக்கிழமை இரவுகளிலே திருச்சி நிலையம் அஞ்சல் செய்யும் தேசிய இசை நிகழ்ச்சியைக் கேட்பதற்கு, திண்ணையிலே யான் சுழற்ற அவள் பெட்டியை மடியில் வைத்திருப்பாள். கை ஓய்ந்தால் பாடகர் குரலும் ஓயும். தனியாவர்த்தனம் வந்தால் என் கை தானாகவே தாளத்துக்குச் சுழலும், பெட்டி கரகரக்கும். "தாளம் போடாதேங்கோ, ஒரே சீராய்ச் சுத்துங்கோ" என்பாள். பிறகு அவள் சுழற்றுவாள், யான் கேட்பேன். அவள் சுழற்றும்போது பெட்டி ஒருநாளும் கரகரத்ததில்லை. இரவுச் சாப்பாடு முன்னரே முடிந்திருக்கும். புட்டும் சம்பலுமாக, ஒரு விளக்குத்தான் உண்டென்பதால், அதன் முன்னே இருவரும் ஒன்றாக இருந்து உண்போம். குண்டு விழுமோ என்ற அச்சத்துக்கு நடுவே கழிந்த இரவுகள் அவை. அவற்றைப் பொற்காலம் என்று கூற யான் துணியேன். அக்கால இழப்புக்களை அறிந்த எவரும் கூறார். ஆயினும் பேயனாரின் செவிலி அந்நாளில் எம் வீட்டுக்கு வந்திருந்தால், போய்த் தாய்க்குச் சொல்ல அவளிடம் ஒரு செய்தி இருந்திருக்கும்.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு ஊரோடு ஊராகத் தென்மராட்சிக்கு நடந்தோம். 1996 இல் திரும்பியபோது பெட்டியும் இல்லை, சைக்கிளும் இல்லை. பின்னர் மின்சாரம் வந்தது, புதிய பெட்டி வந்தது, கச்சேரிகளும் வந்தன. சுழற்றுவதற்கு மற்றொரு கை வேண்டியிருக்கவில்லை. யான் தனியே போகத் தொடங்கினேன்.

இது நிற்க. அன்பரின் வழக்கிலே ஒரு பாதி நியாயமுண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பொழுது இளைய தம்பதிகளிடையே பரவும் ஒரு வழக்கம் எனக்கும் உடன்பாடன்று. பெரிய ஹோட்டல்களிலே மங்கிய விளக்கை ஏற்றி, மூலையிலே ஒரு வீணைக்காரியை இருத்தி, அவள் வாசிக்க இவர்கள் உண்பதை இசையோடு கூடிய விருந்தென்கின்றனர். கொழும்பிலே ஒரு திருமண விருந்தில் இதனைக் கண்டேன். கரண்டியும் தட்டும் மோதும் ஓசையிலே வீணை அமிழ்ந்து போயிற்று. நடுவிலே தந்தியொன்று இறங்கிவிட, அப்பெண் நிறுத்திச் சுருதி கூட்டினாள். நிறுத்தியதையும் எவரும் அறியவில்லை, தொடங்கியதையும் அறியவில்லை. என் மனைவி ஒருத்தி மாத்திரம் உண்பதை விட்டுத் திரும்பிப் பார்த்திருந்தாள். இசையை ஊறுகாயாக இலையோரத்தில் வைப்பது எந்த நாட்டு வழக்கமாயினும் நன்றன்று. மேனாட்டிலும் தம் சங்கீதத்தை மதிப்பவர்கள் அரங்கிலே இருமுவதற்கும் அஞ்சுகின்றனர். விருந்தை முன்னோ பின்னோ வைத்துக்கொள்கின்றனர். எமது ஆற்றுப்படைகளிலும் முறை அதுவே. பாணனும் பொருநனும் பாடினியோடு போய் முதலிற் பாடுவர், பிறகே விருந்து. கரிகாலன் அரண்மனையிலே இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிற்று என்று பொருநன் கூறுவதைப் படித்து மாணவர் சிரிப்பர். சைவக் கடைத் தோசைக்கு அந்த ஆபத்தில்லை.

ஆகவே கச்சேரி முதலில், சாப்பாடு பிறகு. ஆனால் இவ்வொழுங்கு நடைபெறச் சபைக்காரரும் சிறிது மனம் வைக்க வேண்டும். ஆறு மணிக் கச்சேரியை ஏழு மணிக்குத் தொடங்கி, பிரமுகர் நால்வர் பேசி, பொன்னாடை போர்த்தி முடிக்கையிலே ஊர்ப்பக்கம் போகும் பஸ் போய்விடுகிறது. மோட்டார்ச் சைக்கிள் உள்ள ஆடவனே கடைசிவரை இருக்கக்கூடியவன். பெண்டிர் மங்களத்துக்கு முன்னே எழுந்து போவதைக் கண்டு, இவர்களுக்கு இசையில் ஈடுபாடு குறைவு என்று யானும் முன்னொரு கட்டுரையில் எழுதியுள்ளேன். அவ்வரியை இங்கே மீளப் பெற்றுக்கொள்கிறேன். அவர்கள் போனது அடுப்பை மூட்டுவதற்கும் கடைசிப் பஸ்ஸைப் பிடிப்பதற்கும். ஐந்தரை மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிக்குங் கச்சேரி, பாடகருக்கும் குரலைக் காக்கும். கதிரைகளையும் இரண்டு புறமாகப் பிரியாமல், வந்தவர் வந்தபடி இருக்க விட்டால் கேடொன்றும் நேராது. கோயிலிலே விதி வேறு. அதில் யான் தலையிடவில்லை. மண்டபம் கோயிலன்று.

செலவைப் பற்றியும் அன்பர் கேட்டார். மாதத்தில் ஒரு மாலை, இரண்டு பேருக்குத் தோசையும் தேநீரும். ஆசிரியர் சம்பளத்துக்கு அது பெரிதன்று. யான் வெற்றிலை போடுவதை விட்டால் அதிலும் மிச்சம் உண்டு. விடவில்லை என்பது வேறு விடயம்.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் வேளையில் ஒன்று நிகழ்ந்தது. சென்ற வெள்ளிக்கிழமை அன்பரின் வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுக்கப் போயிருந்தேன். அவர் கிணற்றடியில் நின்றார். அவருடைய மனைவியார், எனக்கு அக்கா முறையானவர், தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த கச்சேரி எப்போது, யார் பாடுவது என்று தணிந்த குரலில் வினவினார். சொன்னேன். "தங்கச்சியும் வருவாவோ?" என்றார். வருவாள் என்றேன். அன்பர் துவாயால் முகத்தைத் துடைத்தபடி வந்து, என்ன பேச்சு என்று கேட்டார். "நன்னூல்" என்றார் அக்கா.